இருவரும் விழித்திருக்கும் நேரம்

வாசகி, ஈசூன்: அக்கா, போன இதழில் உங்கள் பக்கத்தைக் காணோமே. வீட்டில் எல்லாரும் சுகந்தானே?

எல்லாரும் என்றால் இரண்டே பேர். இருவரும் சுகம். மலேசியாவின் கேமரன் மலைக்குப் போயிருந்தோம். போகும் முன் இந்தப் பக்கத்தில் ஒரு வரி சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. வீட்டுக் கேள்வியும் மலைக் கேள்வியும் கலந்து வந்திருப்பதால் பதிலும் கலந்தே வரும்.

வாசகர், தோ பாயோ: உங்கள் வீட்டுக்காரருக்கு இன்னும் இரவு வேலைதானா?

ஆமாம். கடைசி ரயில் போன பிறகுதான் அவருக்கு வேலை தொடங்கும். தண்டவாளப் பராமரிப்பு. சிங்கப்பூரில் ரயில் ஓடாத இரவு நேரத்தில் அந்த வேலைக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். அதற்குள் மின்சாரத்தை நிறுத்தி, சுரங்கத்துக்குள் இறங்கி, தேய்ந்த இடத்தைக் கண்டுபிடித்து, மாற்ற வேண்டியதை மாற்றி, கொண்டுபோன கருவிகளை ஒன்று குறையாமல் எண்ணி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். ஒரு ஸ்பேனர் கணக்கில் குறைந்தாலும் தேடிக் கண்டுபிடிக்காமல் நகர மாட்டார்கள். விடிகாலை முதல் ரயிலில் ஏறி உட்கார்ந்து நாம் கண்ணை மூடுகிறோமே, அந்த நிம்மதி இரவெல்லாம் கண்ணை மூடாத சிலர் சம்பாதித்துக் கொடுத்தது.

எனக்குப் பாலர் பள்ளியில் பகல் வேலை. அவர் உள்ளே நுழையும் நேரம்தான் நான் கிளம்பும் நேரம். எங்கள் இருவருக்கும் பொதுவானது காலைக் காப்பி ஒன்றுதான்.

வாசகி, பிடோக்: அப்படியானால் மற்ற பேச்செல்லாம்?

ஃப்ரிட்ஜ் கதவில். "மீன் கீழ்த்தட்டில் இருக்கு, புளி கரைச்சு வச்சிருக்கேன்" என்று நான் சீட்டு ஒட்டிவிட்டுப் போவேன். அவர் எழுதும் சீட்டின் வலது மூலையில் எப்போதும் மணி இருக்கும். வேலைக் குறிப்பேட்டில் எழுதிப் பழகிய கை, வீட்டிலும் மணி போடாமல் எழுத வராது. "15.40. மீன் சாப்பிட்டேன். உப்பு சரி. குழாய் சொட்டுவது நின்றது." அவ்வளவுதான் கடிதம். அந்த மூலையைப் பார்த்தே அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், எவ்வளவு நேரம் தூங்கியிருப்பார் என்று கணக்குப் போட்டுவிடுவேன். 11 மணி என்று இருந்தால் எனக்கு அன்றைக்கு மனசே சரியிருக்காது.

அதே வாசகி: வாட்ஸ்அப் இல்லையா?

இருக்கிறது. அது தூங்குகிறவர் தலைமாட்டில் மணியடிக்கும். சீட்டு அடிக்காது.

வாசகர், சுவா சூ காங்: சண்டை வருமா?

வரும். ஆனால் சீட்டில் சண்டை போடுவதில்லை என்று கல்யாணமான புதிதிலேயே முடிவு செய்துவிட்டோம். எழுத்தில் முகம் தெரியாது. "சரி" என்று ஒருவர் எழுதினால் அது சம்மதமா, சலிப்பா என்று மற்றவர் நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருக்க வேண்டும். கோபம் இருந்தால் காப்பி நேரம் வரை காத்திருக்க வேண்டியதுதான். பாதிக் கோபம் அதற்குள் தணிந்துவிடும். தணியாத மீதிதான் உண்மையான விஷயம்; அதைப் பேசித் தீர்த்தே ஆக வேண்டும்.

வாசகர், ஹவ்காங்: கணவன், மனைவி இருவரில் யார் பெரியவர்?

அன்றைக்குக் குறைவாகத் தூங்கியவர். மற்றவர் விட்டுக்கொடுத்துப் போக வேண்டும்.

வாசகி, செங்காங்: என் கணவருக்கும் இரவு வேலை. பக்கத்து வீட்டில் சுவர் இடிக்கிறார்கள். பகலில் எப்படித்தான் தூங்குவது?

உங்கள் தவிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் இடிப்பு, உடைப்பு போன்ற சத்தமான வேலைகளை வாரநாள்களில் காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரைதான் செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் கூடாது. ஆனால் விதி அனுமதிக்கும் அந்த நேரம்தான் நம் வீட்டு ஆள் தூங்கும் நேரம்! ஆகவே விதியை மட்டும் நம்பாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்: "என் வீட்டுக்காரர் இரவு வேலை, எந்தெந்த நாள் உடைக்கிறீர்கள் என்று முன்கூட்டியே சொன்னால் போதும்." பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்த நாள்களில் அம்மா வீடோ அக்கா வீடோ, ஒரு அறையை முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளலாம். சன்னலுக்குக் கறுப்புத் திரை போடுங்கள். அழைப்புமணியின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். பொட்டலம் கொண்டுவருகிறவர்கள் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

வாசகர், புக்கிட் பாத்தோக்: ஜப்பான், சுவிட்சர்லாந்து எல்லாம் இருக்கக் கேமரன் மலையா?

கிடைத்த விடுப்புச் சின்னது. அதை விமான நிலைய வரிசைகளில் கரைக்க மனமில்லை. இரவுப் பேருந்தில் ஏறினால் காலையில் மலை. நம் ஊரில் உயர்ந்தது புக்கிட் தீமா, 164 மீட்டர். அங்கே 1,400 மீட்டருக்கு மேல் ஊரே இருக்கிறது, தமிழில் தோசை கேட்டால் தோசை வருகிறது. வேறென்ன வேண்டும்?

வாசகி, தெம்பனிஸ்: எந்த வழியாகப் போக வேண்டும்? அடுத்த மாதம் நாங்களும் போகிறோம்.

கடப்பிதழ் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுமா என்று முதலில் பாருங்கள். மலைமேல் இருக்கும் தானா ராத்தா ஊருக்கு நேரே பேருந்து உண்டு. எல்லையில் கூட்டம் எப்படி என்பதைப் பொறுத்து ஏறக்குறைய பத்து மணி நேரம். மேலே ஏற இரண்டு பாதைகள். தாப்பாவிலிருந்து ஏறுவது பழைய பாதை, ஏறக்குறைய 60 கிலோமீட்டர், முழுக்க வளைவு. வழியில் லாத்தா இஸ்கந்தார் அருவி, மூங்கில் குழாயில் தேனும் பெத்தாய்க் காயும் விற்கும் பூர்வகுடியினர் கடைகள். ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாயிலிருந்து ஏறுவது பிந்தி வந்த பாதை. அகலம் அதிகம், வளைவு குறைவு. கார் ஓட்டுகிறவர் புதியவர் என்றால் இரண்டாவது வழி நல்லது. பள்ளி விடுமுறையிலும் நீண்ட வாரயிறுதியிலும் போகாதீர்கள். மலைச்சாலை ஒற்றைச் சாலை, நெரிசல் பிடித்தால் பிரிஞ்சாங் ஊரைத் தாண்டவே அரை நாள் ஆகிவிடும்.

வாசகர், ஜூரோங்: வளைவில் எனக்கு வாந்தி வரும். என்ன செய்வது?

ஃபோனைப் பைக்குள் போடுங்கள். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "ஆடுகிறோம்" என்கிறது, திரையைப் பார்க்கும் கண் "அசையவே இல்லை" என்கிறது. இந்த இரண்டு சாட்சியும் ஒத்துப்போகாததால்தான் வயிறு குழம்புகிறது. முன்வரிசையில் உட்கார்ந்து தொலைவில் சாலையைப் பாருங்கள். வாயில் ஒரு அசாம் பொய், அதாவது உப்பிட்டு உலர்த்திய பிளம், அடக்கிக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் அதன் பலத்தில்தான் ஏறினார்.

வாசகி, உட்லண்ட்ஸ்: அவர் இரவு விழிப்பவராயிற்றே, பேருந்தில் தூங்கினாரா?

ஒரு பொட்டும் இல்லை. நான் கண் விழித்தபோதெல்லாம் அவர் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னிரவில் எதிரே ஒரு லாரி போனது. "அங்கேருந்து காய்கறி ஏத்திட்டு வருது போல" என்றார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அது எந்தச் சரக்கோ தெரியாது, ஆனால் அவர் சொன்னது நடக்கிற கதைதான். கேமரன் மலையில் விளையும் கோஸும் சலாதுக் கீரையும் தக்காளியும் நம் ஊருக்கு வருகின்றன. அங்கே அறுத்துப் பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றி, எல்லையைத் தாண்டி பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்கு வந்து, அங்கிருந்து ஈரச்சந்தைக்கு. விடிகாலையில் நாம் பொறுக்கி எடுக்கும் கோஸுக்குப் பின்னால் ஓட்டுநர், சுமை இறக்குகிறவர், சந்தைக்காரர் என்று தூங்காத ஒரு வரிசையே நிற்கிறது. அவருக்கு அது உடனே தெரிந்தது. இத்தனை ஆண்டு சமைத்த எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

வாசகர், ஈசூன்: பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அங்கே மட்டும் எப்படிக் குளிர்?

காற்றை வெயில் நேரடியாகச் சூடாக்குவதைவிடத் தரைதான் அதிகம் சூடாக்குகிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், காற்று விரியும், விரிந்தால் குளிரும். பொதுவாக 1,000 மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும். 1,400 மீட்டருக்கு ஒன்பது டிகிரி. நம் ஊர்ச் சராசரி 27 அல்லது 28 டிகிரியிலிருந்து கழித்துப் பாருங்கள், தானா ராத்தாவின் 18 வந்துவிடும். இரவில் இன்னும் இறங்கும். போர்வைக்குள் இருந்து கையை வெளியே எடுக்க இருவருக்கும் மனசு வரவில்லை. விளக்கை யார் அணைப்பது என்ற கேள்வி வெகுநேரம் தீராமல் கிடந்தது.

வாசகி, அங் மோ கியோ: அங்கே சாதம் வேக நேரமாகும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். அழுத்தம் குறைவதால் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காமல் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பது சீக்கிரம், வேகுவது மெதுவாக. குக்கர் இருந்தால் கவலையில்லை. நாங்கள் தங்கிய அறையில் சின்ன அடுப்பு ஒன்றுதான் இருந்தது. அரிசியை ஊறவைத்து, மூடி, அது வேகும் வரை இருவரும் அடுப்பின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். வீட்டில் நான் வைத்துவிட்டுப் போகும் சோற்றை அவர் ஆறிய பிறகுதான் சாப்பிடுவார். அன்றைக்கு ஆவி பறக்கச் சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

வாசகர், குவீன்ஸ்டவுன்: கேமரன் என்பவர் யார்? தேயிலையை அவர்தான் நட்டாரா?

இல்லை. வில்லியம் கேமரன் பிரிட்டிஷ் அரசின் நில அளவையாளர். 1885-இல் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு எழுதிவைத்தார். மேலே சாலை போய், ஊர் உண்டாக 1930-கள் ஆயிற்று. தேயிலையைப் பெரிய அளவில் தொடங்கியவர் ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற பிரிட்டிஷ் தொழிலதிபர். இலங்கையில் தேயிலை வளர்த்து அனுபவம் பெற்ற ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு 1929-இல் 'போ' தேயிலைத் தோட்டத்தை ஆரம்பித்தார். இவையெல்லாம் பலகையில் எழுதியிருக்கும் பெயர்கள். சரிவில் காட்டை வெட்டி, கல்லைப் புரட்டி, ஒவ்வொரு நாற்றாக ஊன்றிய கைகளில் பெரும்பகுதி தமிழ்க் கைகள். அந்தக் கைகளுக்குரிய பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை.

தானா ராத்தா கடைத்தெருவில் ஒரு பாட்டியம்மா சோளம் அவித்து விற்றுக்கொண்டிருந்தார். தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். "எங்க காலத்துல எல்லாம் கையி. ரெண்டு எல, ஒரு கொழுந்து. அதுக்கு மேல கிள்ளுனா தண்டல் திட்டுவாரு. இப்ப கத்தரி, மிசினு" என்று வலது கையை நீட்டிக் காட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடத்தில் தோல் காய்ப்பேறி, பறிப்பதை விட்டு இத்தனை காலமாகியும் பழுப்புக் கறை போகாமல் இருந்தது. பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்களாம். தோட்டத்தில் இப்போது வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா என்று பல நாட்டவர் வேலை செய்கிறார்கள். "அவுங்களுக்கும் குளிரத்தான செய்யும்" என்றார் பாட்டியம்மா. தானா ராத்தாவில் தமிழ்ப்பள்ளி இருக்கிறது, பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. தேயிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள் அந்த இரண்டையும் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது என் ஆசை.

வாசகி, பொங்கோல்: தேயிலைத் தொழிற்சாலைக்குள் போனீர்களா? அவருக்கு இயந்திரம் பிடிக்குமே!

என்னைவிட அவர்தான் முதலில் நுழைந்தார். பறித்த இலையை மணிக்கணக்கில் காற்றில் வாட்டி ஈரத்தைக் குறைக்கிறார்கள். பிறகு உருட்டி நசுக்குகிறார்கள். அப்போது இலையின் சாறு காற்றுடன் கலந்து பச்சை மாறிச் செம்பு நிறமாகிறது. சரியான நிறமும் மணமும் வந்த நொடியில் சூட்டில் காட்டி அந்த மாற்றத்தை நிறுத்த வேண்டும். முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் சப்பென்று போய்விடும். கடைசியில் சலித்துத் தரம் பிரிப்பது. அவர் ஒவ்வொரு இயந்திரத்தின் பேரிங் சத்தத்தையும் காது கொடுத்துக் கேட்டார். "நல்லா வச்சிருக்காங்க" என்று சான்றிதழும் கொடுத்தார். அவருடைய வேலை எப்போதும் நான் பார்க்க முடியாத சுரங்கத்துக்குள் நடக்கிறது. அவர் ஒரு இயந்திரத்தின் முன்னால் எப்படி நிற்பார் என்று அங்கேதான் பார்த்தேன்: தலையைச் சாய்த்து, கையைப் பின்னால் கட்டி, கண்ணை மூடி.

வாசகர், சிராங்கூன்: ஸ்ட்ராபெரி?

தோட்டத்தில் பறித்துத் தின்னும்போது புளிப்பு. ஜாமாகி வரும்போது அருமை. மண்ணில் அல்ல, பிளாஸ்டிக் கூரைக்கடியில் பைகளில் வளர்க்கிறார்கள்.

வாசகர், காலாங்: மலையைக் கெடுத்துவிட்டார்கள் என்று என் நண்பர் வருத்தப்படுகிறார். நீங்கள் என்ன பார்த்தீர்கள்?

உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. சரிவுகளை வெட்டித் தட்டையாக்கிப் பிளாஸ்டிக் கூரை போட்ட பண்ணைகள் மலைமேல் மலையாகத் தெரிகின்றன. மரம் போனால் வேர் போகும், வேர் போனால் மழை மண்ணை இழுத்துக்கொண்டு ஆற்றுக்கு வரும். ரிங்லெட் அணையின் நீர்த்தேக்கத்தில் வண்டல் படிந்துகொண்டே இருக்கிறது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் சேற்று வெள்ளம். இரண்டிலும் உயிர்கள் போயின. சலுகை விலையில் கோஸ் வாங்கும் நமக்கும் இதில் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். வாங்காமல் விடுவது விடையல்ல, அந்த விவசாயியும் பிழைக்க வேண்டும். ஆனால் வாங்கியதை ஃப்ரிட்ஜில் அழுகவிட்டுத் தூக்கிப் போடாமல் இருக்கலாம். ஒரு மலை தன் மண்ணைக் கொடுத்து வளர்த்த காய் அது.

வாசகி, பாசிர் ரிஸ்: பாசிக் காட்டுக்குப் போனீர்களா? என்ன இருக்கிறது அங்கே?

பிரிஞ்சாங் சிகரம் 2,000 மீட்டருக்குச் சற்று மேல். அந்த உயரத்தில் மேகம் காட்டுக்குள்ளேயே புகுந்து நடக்கும். மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு, தண்டு முழுக்க கை அழுந்தும் அளவுக்குப் பாசியுடன் நிற்கின்றன. மழையே பெய்யாவிட்டாலும் மேகத்திலிருந்து நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக ஓடைகளுக்கு விடுவது இந்தப் பாசிதான். ஆகவே அதைத் தொடாதீர்கள், மிதிக்காதீர்கள், பிய்த்து வீட்டுக்குக் கொண்டுவர ஆசைப்படாதீர்கள்.

பாதையோரம் குடுவைச் செடி ஒன்றைக் குனிந்து பார்த்தோம். விரல் நீளக் குடுவை, உதட்டில் சிவப்பு வரி, உள்ளே கொஞ்சம் நீர், அதில் இரண்டு எறும்புகள். மண்ணில் சத்துப் போதாததால் வழுக்கி விழும் பூச்சியைக் கரைத்து அந்தச் செடி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. அவர் அதன் மூடியை அண்ணாந்து, குனிந்து, பக்கவாட்டில் என்று பார்த்துவிட்டு, "மழைத்தண்ணி உள்ள போகாம இருக்கத்தான் இந்த மூடி. யாரு டிசைன் பண்ணாங்களோ!" என்று வியந்தார்.

வாசகர், மரீன் பரேட்: அங்கே ஒரு பிரபல அமெரிக்கர் காணாமல் போனாராமே?

ஜிம் தாம்சன். தாய்லாந்துப் பட்டுக்கு உலகச் சந்தையைப் பிடித்துக் கொடுத்தவர். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தானா ராத்தாவுக்கு அருகே நண்பர்களின் பங்களாவில் தங்கியிருந்தார். மற்றவர்கள் மதியம் ஓய்வெடுத்த வேளையில் வெளியே நடந்தவர் திரும்பவே இல்லை. படையினரும் போலீசாரும் பூர்வகுடி வழிகாட்டிகளும் தேடியும் தடயம் கிடைக்கவில்லை. அவர் என்ன ஆனார் என்று சொல்லப்படும் கதைகளில் எது உங்களுக்குப் பிடித்தாலும் சரி, காட்டுப்பாதையில் தனியாக இறங்காதீர்கள். தங்குமிடத்தில் எந்தப் பாதை, எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். நாங்கள் வரவேற்பு மேசையில் சீட்டு எழுதிக் கொடுத்தோம். என் வீட்டுக்காரர் அதில் மணியும் போட்டிருந்தார்.

வாசகி, கிளமெண்டி: நான் தாதி, என் கணவர் பாதுகாவல் அதிகாரி. கல்யாணமாகி ஓராண்டு. இருவருக்கும் ஒரே நாளில் விடுப்பு வருவதே அபூர்வம். சண்டை இல்லை அக்கா, ஆனால் பேச்சும் குறைந்துவிட்டது. பயமாக இருக்கிறது.

தங்கச்சி, பயம் நியாயமானது. ஆனால் இது அன்பு குறைந்ததன் அடையாளம் என்று நினைத்துவிடாதீர்கள். உடம்பின் கடிகாரம் இரண்டு வேறு திசையில் ஓடுகிறது. ஒருவர் பேச நினைக்கும் நேரத்தில் மற்றவர் மூளை தூக்கத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கும். அந்தக் களைப்பை "என்மேல் அக்கறை இல்லை" என்று மொழிபெயர்த்துக்கொண்டால்தான் ஆபத்து.

மலையில் முதல் இரவு நடந்ததைச் சொல்கிறேன். நடுராத்திரியில் விழித்துப் பார்த்தால் அவர் படுக்கையில் இல்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது வேலை நேரம், உடம்பு தூங்க மறுத்தது. "நீ தூங்கும்மா" என்றார். எனக்கு வரவில்லை. நானும் போய் உட்கார்ந்தேன். சுரங்கத்தில் இந்த நேரத்தில் என்ன நடக்கும், யார் எங்கே நிற்பார்கள், எந்த நண்பர் என்ன பாட்டு முணுமுணுப்பார் என்று மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். கல்யாணமான இத்தனை ஆண்டில் எனக்குத் தெரியாதவை. நான் கேட்காததால் அல்ல. அவர் அதைச் சொல்லக்கூடிய நேரத்தில் நான் ஒருநாளும் விழித்திருந்ததில்லை. அதற்கடுத்த இரவுகளில் தூங்கிவிட்டார். காலையில் இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண் விழித்தோம். பேச விஷயம் எதுவும் இருக்கவில்லை. இருந்தும் அவசரமில்லாமல் படுத்துக் கிடந்தோம்.

நீங்கள் செய்யக்கூடியது இது. வேலை அட்டவணை வந்ததும் இருவரும் அதை அருகருகே வைத்து, இருவரும் விழித்திருக்கும் நேரங்களை மட்டும் வண்ணப் பேனாவால் குறியுங்கள். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அந்தத் துண்டுகள் உங்களுடையவை. அதில் துணி மடிக்காதீர்கள், கட்டணம் கட்டாதீர்கள், உறவினர் வீட்டுக்குப் போகாதீர்கள். ஆண்டு விடுப்பை இருவரும் ஒன்றாக, முடிந்தவரை சீக்கிரமே கேளுங்கள். மேற்பார்வையாளரிடம் காரணத்தை மறைக்க வேண்டாம். "என் கணவருடன் இருக்க வேண்டும்" என்பது மரியாதைக்குரிய காரணம். மாதத்தில் ஒரு நாளாவது ஒருவர் மற்றவருடைய நேரத்தில் விழித்திருந்து பாருங்கள். அவர் இரவுக் காவலில் இருந்து வரும் விடிகாலையில் கீழே காப்பிக்கடையில் காத்திருங்கள். உங்கள் பிற்பகல் முறை முடியும் நேரம் அவர் மருத்துவமனை வாசலுக்கு வரட்டும். இன்னும் மனசு கனத்தால் எனக்கு எழுதுங்கள், அச்சில் வராது, பதில் நிச்சயம் வரும்.

வாசகர், புவாங்கோக்: எனக்கு மலை, மனைவிக்குக் கடல். யார் விட்டுக்கொடுப்பது?

பினாங்குக்குப் போங்கள். கொடிமலை ரயிலும் இருக்கிறது, கடற்கரையும் இருக்கிறது. யாரும் எதையும் விட வேண்டாம்.

வாசகி, பீஷான்: மாமியாரையும் கூட்டிப் போகலாமா அக்கா?

தாராளமாக. ஆனால் அது வேறு பயணம். அதற்கென்று தனியாக நாள் ஒதுக்கி, தாப்பா வளைவைத் தவிர்த்து, கோயிலுக்குப் பக்கத்தில் அறை எடுத்துக் கூட்டிப் போங்கள். அவரும் சந்தோஷப்படுவார், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். இரண்டு பயணத்தையும் ஒன்றாக்கினால் இரண்டுமே அரைகுறையாகும்.

வாசகர், லேவண்டர்: மறுபடி எப்போது?

அக்டோபர், நவம்பரில் மேலே மழை அதிகம், மண்சரிவும் வரும். பிப்ரவரி ஓரளவு காய்ந்த மாதம், அப்போது போகலாம் என்கிறேன் நான். பாட்டியம்மாவிடம் சோளம் சாப்பிட வருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் தியோமான் தீவு என்கிறார். விடுப்புப் படிவம் இன்னும் கொடுக்கவில்லை. நாளைக் காலைக் காப்பிக்கு அதுதான் பேச்சு.